அப்பா அம்மாவோட குரோஷியா – படகு வாடகைக்கு எடுத்து பழைய துறைமுக ஊருங்க பாக்கணும், வழி சொல்லுங்க

கொலுசுப்பட்டறை – செவ்வாய்ப்பேட்டை

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருக்கேன், இப்பதான் மொத தடவ எழுதறேன். எங்கப்பா 31 வருஷம் சரித்திர வாத்தியார். ரோமப் பேரரசு பாடம் எடுக்கறப்ப டயோக்ளீஷியன் அரண்மனைய கரும்பலகைல வரைஞ்சு காட்டுவாரு, அவர்கிட்ட படிச்சவங்க இன்னிக்கும் பட்டறைக்கு வந்தா அதைத்தான் சொல்லுவாங்க. ஆனா அவரு தமிழ்நாட்ட விட்டு வெளிய போனது திருப்பதியும் ஒரே ஒரு தடவ காசியும்தான். அந்த அரண்மனை இருக்கற ஸ்ப்ளிட் ஊருக்கு அவரைக் கூட்டிட்டுப் போயே ஆகணும்னு இருக்கேன்.

மொத்தம் ஏழு பேர், அப்பாக்கு 69, அம்மாக்கு 64, நானு, வீட்டுக்காரம்மா, பசங்க ரெண்டு பேர் (14, 9), மச்சான். ஒரு ஏஜென்ட் ஸ்ப்ளிட்ல ஏறி துப்ரோவ்னிக்ல எறங்கற மாதிரி பாய்மரப் படகு, ஏழு நாள், ஒம்போது ஊருன்னு ப்ளான் குடுத்திருக்காரு. பாக்க நல்லாதான் இருக்கு. ஆனா எங்கம்மா ஏற்காடு போறப்ப நாலாவது வளைவு தாண்டுனாலே வாந்தி எடுத்துருவாங்க, கடல்ல என்ன ஆகும்னு பயமா இருக்கு. போனவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.


சேர்வராயன்காபி – ஏற்காடு

தம்பி, நாங்க 2023 செப்டம்பர்ல எட்டு பேரா போயிட்டு வந்தோம், அதனால தெரிஞ்சத சொல்றேன், கொஞ்சம் நீளமா வரும்.

மொதல்ல ஒம்போது ஊர விடு. படகு மணிக்கு அஞ்சு ஆறு நாட் போகும், ஒரு நாட்டுன்னா மணிக்கு 1.852 கிலோமீட்டர், அப்ப மணிக்கு பத்து பதினோரு கிலோமீட்டர்தான், நம்ம ஏற்காடு பஸ்ஸு மலை ஏறறதவிட மெதுவு. அதோட ஏழு நாள்னு சொல்றது சனிக்கிழமையிலருந்து சனிக்கிழமை. சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி வாக்குலதான் படகு கைக்கு வரும், அடுத்த வெள்ளி சாயங்காலமே திரும்பி வந்து கட்டிரணும், சனி காலைல ஒம்போது மணிக்கு எறங்கிரணும். அப்ப கடல்ல இருக்கறது ஆறு பகல்தான். அதுல ஒம்போது ஊருன்னா ஒவ்வொரு ஊர்லயும் ஐஸ்கிரீம் வாங்கித் தின்னுட்டு ஓடி வரதுதான் நடக்கும்.

படகுல போறதுக்கு ஒரே காரணம்தான் இருக்கு, அதை மனசுல வெச்சுக்க. அந்த ஊருங்களுக்கெல்லாம் தலவாசல் கடலப் பாத்துதான். ஸ்ப்ளிட் அரண்மனையோட தெக்குச் சுவர் அந்தக் காலத்துல தண்ணியத் தொட்டுட்டு நின்னுருக்கு, படகு நேரா அந்த வாசலுக்கே வரும். இப்ப முன்னாடி மண் கொட்டி நடைபாதை போட்டுட்டாங்க, கீழ்ப்பக்கம் கடைங்க ஒட்டிட்டு இருக்கு, ஆனா மேல அந்த வளைவு ஜன்னல் வரிசை இன்னிக்கும் கடல்லருந்து பாத்தா தெரியும். பஸ்ல போய் எறங்குனா வீட்டுக்கு கொல்லப்பக்கமா நொழைஞ்ச மாதிரிதான். உங்கப்பாவ முன்வாசல் வழியா கூட்டிட்டுப் போ.

உள்ள போனா இன்னொன்னு. அது காலி பண்ணி வெச்சிருக்கற மியூசியம் இல்ல, ஜனங்க குடியிருக்காங்க. துணி காயுது, ரேடியோ பாடுது, பூனை தூங்குது. ஸ்ரீரங்கத்துல மதிலுக்குள்ள வீதியும் வீடுமா இருக்குமே, அப்படியே. டயோக்ளீஷியன் 305ல பதவிய விட்டு எறங்கி அங்க வந்து தங்குனாரு, எகிப்துலருந்து கொண்டாந்த கருங்கல்லு ஸ்ஃபிங்ஸ் சிலை நடுமுற்றத்துல இன்னும் உக்காந்துருக்கு. கிறிஸ்தவங்கள அவ்ளோ கொடுமப்படுத்துன மனுஷனோட சமாதிதான் பின்னாடி தேவாலயமா மாறிருச்சு, அதுக்குள்ள நின்னப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு.

அப்பறம் ராத்திரி. பகல்ல எல்லா ஊர்லயும் கூட்டம் நெரியும், பெரிய கப்பல்ல வர்றவங்க சாயங்காலம் கெளம்பிருவாங்க. நாம படகுலயே தூங்கறோம்ல, ஒம்போது மணிக்கு மேல எறங்கி நடந்தா கல்லு ரோடு வழவழன்னு விளக்கு வெளிச்சத்துல மினுக்கும், நம்ம காலடிச் சத்தம் நமக்கே கேக்கும். ஸ்ப்ளிட் பக்கத்துல இருக்கற ட்ரோகிர் ஊர்ல பதினோரு மணிக்கு அந்த தேவாலய வாசல் முன்னாடி நாங்க நாலு பேர் மட்டும் நின்னோம், 1240ல ரடோவன்னு ஒரு சிற்பி செதுக்குன வாசல், கல்லுல மாசத்துக்கு ஒரு வேலைன்னு விவசாயி குடியானவன் எல்லாம் இருக்காங்க. தூண் தூக்கற ஆளுங்க முதுகு வளைஞ்சு நிக்கறத பாத்தப்ப தாரமங்கலம் கோயில் ஞாபகம்தான் வந்துச்சு.

எனக்கு எல்லாத்தயும்விட பிடிச்சது ஹ்வார் தீவுல ஸ்டாரி கிராட். கிமு 384ல பாரோஸ்லருந்து வந்த கிரேக்கங்க ஊர் கட்டி, பக்கத்து சமவெளிய அளந்து சதுரம் சதுரமா பிரிச்சு கல்லு வரப்பு போட்டிருக்காங்க. அந்த வரப்பு இன்னும் இருக்கு, அதே துண்டுல இன்னிக்கும் திராட்சையும் ஆலிவும் வெளையுது. 2,400 வருஷமா ஒரே எல்லைக்கல்லு! எங்க எஸ்டேட்டுல தாத்தா போட்ட கல்லு வேலிய காப்பாத்தவே நான் படாத பாடு படறேன். அங்க அரை நாள் நின்னுட்டேன், வீட்ல வந்து கூப்ட்டுதான் போனேன்.


மேல்தளம் – அஸ்தம்பட்டி

நான் 22 வருஷம் கப்பல்ல இருந்தவன். காபி அண்ணன் சொன்னது எல்லாம் சரி, காத்தப் பத்தி மட்டும் சேத்துக்கறேன், வயசானவங்க வர்றாங்க இல்லியா.

அந்தக் கடல்ல மூணு காத்து பேரு தெரிஞ்சுக்கோங்க. வெயில் காலத்துல மத்தியானத்துக்கு மேல வடமேக்குலருந்து வர்றது மயெஸ்ட்ரல், அது நல்ல காத்து, பாய் விரிச்சா சுகமா போகலாம். தென்கெழக்குலருந்து வர்றது யூகோ, மேகமும் மழையும் பெரிய அலையும் கொண்டாரும், அது ஒரு நாள் முன்னாடியே தெரிஞ்சுரும். மூணாவது காத்து பேரு ‘பூரா’, வடகெழக்குல மலைலருந்து திடீர்னு எறங்கி அறையும், வானம் தெளிவா இருக்கறப்பவே வரும், அதான் ஏமாத்தும். ஜூன், செப்டம்பர் ரெண்டும் நல்ல மாசம், ஜூலை ஆகஸ்ட்ல கூட்டமும் ஜாஸ்தி விலையும் ஜாஸ்தி. ஆனா எந்த மாசமானாலும் ஒரு நாள் ப்ளான்ல சும்மா விட்டு வைங்க. இன்னிக்கு அந்த ஊரப் பாத்தே ஆகணும்னு படக ஓட்டற ஸ்கிப்பர நெருக்கறதுதான் தப்பு நடக்கற எடம்.

லைசென்ஸ் இல்லாம படகு குடுக்க மாட்டாங்க, வயர்லெஸ் சர்டிபிகேட்டும் கேப்பாங்க. அதனால ஸ்கிப்பரோட எடுங்க. அவருக்கு படுக்க எடமும் மூணு வேளை சாப்பாடும் நாமதான் குடுக்கணும். ஏழு பேர் ப்ளஸ் அவரு, அப்ப நாலு கேபின் வேணும்.

அம்மாக்காக ஒரே அடிக்கூடு இருக்கற படகு வேணாம், ரெண்டு அடிக்கூடு பக்கத்துல பக்கத்துல இருக்கற படகு, கேட்டமரான்னு எழுதிருப்பாங்க, அது எடுங்க. வார்த்தையே நம்ம கட்டுமரம்தான், நம்ம கரையிலருந்து போன பேரு. சாயாது, அகலமா இருக்கும், ஆட்டம் கம்மி. படகு கட்டற துறை, அதான் மரீனா, அங்க கட்டணம் கூட வரும், பரவால்ல.

இன்னொரு வழியும் இருக்கு. துருக்கில குலெத்துன்னு மரப்படகு, கேப்டன், சமையல்காரர், வேலையாள் எல்லாம் அவங்களே. பெரியவங்களுக்கு அதுதான் சொகம்னு நான் நெனைக்கறேன். அங்க போட்ரும்ங்கற ஊர்ல 1400கள்ல கட்ட ஆரம்பிச்ச கோட்டைக்குள்ள கடலடி தொல்லியல் மியூசியம் இருக்கு. உலுபுருன் கப்பல்னு ஒன்னு, 1982ல கடற்பஞ்சு எடுக்க முங்குன ஒருத்தர் கண்ல பட்டது, கிமு 14ஆம் நூற்றாண்டுல மூழ்குனது. பத்து டன் செம்பு, ஒரு டன் தகரம். கொலுசுக்காரரே, உங்களுக்கு அந்த கணக்கு புரியும்.


கொலுசுப்பட்டறை – செவ்வாய்ப்பேட்டை

மேல்தளம் அண்ணா, பத்துக்கு ஒன்னு! வெண்கலம் வார்க்கற கணக்கு அது. எங்க தெருல பழைய ஆளுங்க கிட்ட சொன்னேன், கடைய சாத்திட்டு அதப் பத்தியே ஒரு மணி நேரம் பேசுனோம். 3,300 வருஷம் முன்னாடி ஒருத்தன் கணக்குப் போட்டு சரக்கு ஏத்திருக்கான். துருக்கி கண்டிப்பா ஒரு நாள் போவேன். ஆனா இந்தத் தடவ அப்பாக்கு ஸ்ப்ளிட்தான், மாத்த முடியாது. கேட்டமரான் விசாரிக்கறேன். சாப்பாடு, விசா பத்தி யாராச்சும் சொல்லுங்க.


அம்மாபேட்டைதறி – அம்மாபேட்டை

தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. இவ்ளோ செலவு பண்ணி அவ்ளோ தூரம் போறதுக்கு நம்ம தரங்கம்பாடி இல்லியா? சேலத்துலருந்து கார்ல அஞ்சாறு மணி நேரம். 1620ல டேனிஷ்காரங்க தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட எடம் வாங்கி கட்டுன கோட்டை, 1845ல பிரிட்டிஷ்காரங்களுக்கு வித்துட்டுப் போனாங்க. சீகன்பால்கு பாதிரியார் 1706ல வந்து எறங்குன கரை. கடல் அரிச்சுட்டு இருக்கற மாசிலாமணி நாதர் கோயில் 1306ஆம் வருஷத்துது. நம்ம ஆளுங்க முக்காவாசிப் பேரு அதையே பாத்ததில்ல. அங்கயே ஒரு படகு எடுத்து காரைக்கால், நாகப்பட்டினம்னு போனா நல்லாருக்காதா?


மேல்தளம் – அஸ்தம்பட்டி

தம்பி நீங்க கேட்டது நல்ல கேள்வி, எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனா கடல் வேற. நம்ம சோழமண்டலக் கரைல இயற்கைத் துறைமுகம் கெடையாது, நீளமா மணல், கரையோரம் ஓயாம ஒடையற அலை. அந்தக் காலத்துலயே பெரிய கப்பல் தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும், ஆளையும் சரக்கையும் மசூலா படகுலதான் கரைக்குக் கொண்டாருவாங்க. அது ஆணி அடிக்காம பலகைய கயித்தால தைச்ச படகு, அலை அடிச்சா வளைஞ்சு குடுக்கும். அந்த அலைய தாண்டறது நம்ம மீனவங்களுக்கு மட்டும் தெரிஞ்ச வித்தை, வெள்ளக்காரன் உயிரக் கைல புடிச்சுட்டு உக்காந்துருப்பான். ஐப்பசி கார்த்திகைல புயலுக்கு பயந்து கப்பலுங்க இந்தக் கரைய விட்டே போயிரும். இன்னிக்கும் தரங்கம்பாடி கோட்டைக்கு முன்னாடி ஒரு வாடகைப் படக ராத்திரி கட்டிட்டு நிம்மதியா தூங்க முடியாது.

குரோஷியால ஆயிரத்துக்கு மேல தீவும் பாறையும் கரைய மறைச்சுட்டு நிக்குது. உள்ள தண்ணி ஏரி மாதிரி. அதனாலதான் பத்துப் பதினஞ்சு மைலுக்கு ஒரு துறைமுக ஊரு வந்துச்சு, அதனாலதான் படகு வாடகைத் தொழிலும் அங்க நடக்குது.


சேர்வராயன்காபி – ஏற்காடு

தறி தம்பி சொன்னதயும் விடாதீங்க, குரோஷியா கெளம்பறதுக்கு முன்னாடி பசங்களக் கூட்டிட்டு தரங்கம்பாடிக்கு ஒரு நடை போயிட்டு வாங்க. நாங்க குரோஷியா போயிட்டு வந்தப்பறம்தான் அங்க போனோம், முன்னாடியே பாத்திருக்கலாம்னு இருந்துச்சு. கடலப் பாத்து நிக்கற கோட்டைன்னா என்னன்னு அங்கயே புரிஞ்சுரும்.


அடுப்படி – ஃபேர்லேண்ட்ஸ்

தம்பி, சாப்பாட்டுக்கு நான் சொல்றேன். நாங்க ரெண்டு குடும்பம் சைவம், படகுல முழு சமையலும் என் கைதான்.

நெய் கொண்டு போகாதீங்க, பால்கோவாவும் வேணாம். ஐரோப்பாக்குள்ள நம்ம ஊர்லருந்து பால் பொருள், கறிப்பொருள் எதுவும் எடுத்துட்டுப் போகக்கூடாது. எங்ககிட்ட ஏர்போர்ட்ல வாங்கி குப்பைல போட்டாங்க, வீட்ல காய்ச்சுன நெய், மனசு ஆறவே இல்ல. மாம்பழமும் சும்மா கொண்டு போக முடியாது, அதுக்கு தனி சர்டிபிகேட் வேணும், மல்கோவா சீசன்ல போனாலும் ஆசைய அடக்கிக்கோங்க. பருப்புப்பொடி, புளிக்காச்சல், வத்தக்குழம்பு பேஸ்ட், ரவை, அவல், சேமியா, பெருங்காயம், மொளகாப்பொடி இதெல்லாம் ஒரு பிரச்சனையும் இல்லாம வந்துச்சு. சின்ன குக்கர் ஒன்னு கண்டிப்பா எடுத்துக்கோங்க, படகுல இருக்காது. அரிசி, வெண்ணெய், தயிர், காய் எல்லாம் அங்கயே சூப்பர் மார்க்கெட்ல, அந்த ஊரு தக்காளியும் அத்திப்பழமும் ரொம்ப ருசி. ஆலிவ் எண்ணெய்ல தாளிக்க மனசு வரல, ஆனா நல்லாதான் இருந்துச்சு.

அடுப்பு கேஸ்தான், படகோட சேந்து ஆடற மாதிரி மாட்டிருப்பாங்க. ஓடறப்ப சமைக்காதீங்க, காலைல கட்டிருக்கறப்பவே ஒரு சாதத்தக் கெளறி டப்பால போட்டுருங்க. தண்ணி டேங்க்குல இருக்கறதுதான், ஏழு பேர் தலைக்கு ஊத்துனா ரெண்டே நாள்ல தீந்துரும், பாத்திரத்த மொதல்ல கடல் தண்ணில அலசிட்டு கடைசியா நல்ல தண்ணி. கக்கூஸ்ல பேப்பர் போடக்கூடாது, அடைச்சுக்கும், இத பசங்களுக்கு ஏறுன ஒடனே சொல்லிருங்க. பெட்டி கொண்டு போகாதீங்க, வைக்க எடமே இல்ல, மடிக்கற துணிப்பை மட்டும். அந்தக் கல்லு ரோடு வழுக்கும், அம்மாக்கு ரப்பர் சோல் செருப்பு.

விசா ஷெங்கன்தான், ஐரோப்பால நெறைய நாட்டுக்கும் சேத்து ஒரே விசா, 2023 ஜனவரி 1லருந்து குரோஷியா அதுல சேந்துருச்சு, காசும் யூரோ. 30,000 யூரோக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் கேப்பாங்க.


கொலுசுப்பட்டறை – செவ்வாய்ப்பேட்டை

அக்கா, உங்க பதில அம்மாக்கு அப்படியே படிச்சுக் காட்டுனேன், நெய் விஷயத்துக்கு உங்களவிட அவங்க வருத்தப்பட்டாங்க. வாடகை பத்தி ஒன்னு கேக்கணும், ஏஜென்ட் சொன்ன விலைல என்னென்ன வராது? அப்பறம் துப்ரோவ்னிக்க விட்டுர்றதா, மனசு கேக்கல.


சேர்வராயன்காபி – ஏற்காடு

விலைல பொதுவா படகு மட்டும்தான். ஸ்கிப்பர் சம்பளம் தனி (எங்களுக்கு ஒரு நாளைக்கு 200 யூரோ கிட்ட ஆச்சு), டீசல், மரீனா கட்டணம், கடைசி க்ளீனிங், சுற்றுலா வரி எல்லாம் மேல. டெபாசிட் ஒரு பெரிய தொகை கார்டுல பிடிச்சு வெப்பாங்க, படகு கைக்கு வர்றப்ப ஒவ்வொரு கீறலயும் போட்டோ எடுத்து வெச்சுக்க, எங்ககிட்ட இல்லாத கீறலுக்கு பேச்சு வந்து போட்டோவாலதான் தப்பிச்சோம். எடுத்த எடத்துலயே விடாம வேற ஊர்ல விட்டா அதுக்கு ஒரு வழி கட்டணம் தனியா கேப்பாங்க, உன் ஏஜென்ட் ப்ளான்ல அது இருக்கும் பாரு.

துப்ரோவ்னிக்க படகுல பாக்கறதுக்கு நான் எதிர்ப்பு. 1,940 மீட்டர் சுவர், சில எடத்துல 25 மீட்டர் ஒசரம், கடல்லருந்து பாத்தா மூச்சு நின்னுரும், அதெல்லாம் சரி. ஆனா பழைய துறைமுகத்துல வாடகைப் படக ராத்திரி கட்ட முடியாது, மரீனா கொமோலாட்ச்ல, ஊர்லருந்து தள்ளி ஆத்து முகத்துல இருக்கு, அங்கருந்து பஸ்ல போய்தான் பாக்கணும். அதுக்கு ரெண்டு பகல் கடல்ல போகும். படக விட்டப்பறம் ஸ்ப்ளிட்லருந்து பஸ்ல போயிட்டு வா. முன்னாடி அந்த ரோடு நடுவுல போஸ்னியாக்குள்ள பூந்து வரும், குரோஷியாவ விட்டு வெளிய போயிட்டு திரும்ப வர்ற விசா தொல்லை. 2022 ஜூலைல பெல்யெஷாட்ஸ் பாலம் தொறந்தப்பறம் அந்தக் கவலை இல்ல.


மேல்தளம் – அஸ்தம்பட்டி

அண்ணா, நான் ஒத்துக்க மாட்டேன். துப்ரோவ்னிக் கடலாலயே வாழ்ந்த குடியரசு, 1808ல நெப்போலியன் ஆளுங்க கலைக்கற வரைக்கும் யாருக்கும் முழுசா அடங்காம கப்பல் ஓட்டுனவங்க. 1377லயே வெளிலருந்து வர்ற ஆளுங்கள முப்பது நாள் தனியா வெச்சு அப்பறம் உள்ள விட்ட ஊரு, உலகத்துக்கே க்வாரன்டைன சொல்லிக் குடுத்தவங்க. ஒரு மணி நேரமாச்சும் அத தண்ணில நின்னு பாக்கணும். பஸ்ல போனாலும் சரி, பழைய துறைமுகத்துல எதிர்த்தாப்புல இருக்கற லோக்ரும் தீவுக்கு சின்னப் படகு போகும், அதுல ஏறி திரும்பி வாங்க. அது போதும்.

போற வழில ஸ்டோன்ங்கற ஊர்ல எறங்குங்க. உப்பளத்தக் காக்கறதுக்காகவே 14ஆம் நூற்றாண்டுலருந்து கட்டுன மதில், அஞ்சு கிலோமீட்டருக்கு மேல இன்னும் நிக்குது, உப்பும் இன்னும் எடுக்கறாங்க. நம்ம சேலத்து வக்கீல் ராஜாஜி 1930ல திருச்சிலருந்து வேதாரண்யத்துக்கு நடந்தது எதுக்கு? இதே உப்புக்குத்தான். உங்கப்பா அங்க நின்னா பசங்களுக்கு ஒரு பாடமே எடுப்பாரு.


சேர்வராயன்காபி – ஏற்காடு

லோக்ரும் யோசனை எனக்குத் தோணவே இல்ல. சரி, அத ஒத்துக்கறேன்.


கொலுசுப்பட்டறை – செவ்வாய்ப்பேட்டை

இத எழுதறது அப்பா, அவர் சொல்லச் சொல்ல நான் டைப் பண்றேன்:

"அனைவருக்கும் வணக்கம். என் பொருட்டு இத்தனை பேர் நேரம் ஒதுக்கி எழுதியிருக்கிறீர்கள், நெஞ்சு நிறைகிறது. ஒன்பது ஊர் எனக்கு வேண்டாம். ஸ்ப்ளிட், ஸ்டாரி கிராட், கோர்ச்சுலா மூன்றும் போதும். கோர்ச்சுலாவில் மார்க்கோ போலோ பிறந்தார் என்று அவ்வூரார் சொல்வதற்கு உறுதியான சான்று கிடையாது. ஆனால் 1298இல் வெனிஸும் ஜெனோவாவும் மோதிய கடற்போர் அந்தத் தீவின் அருகேதான் நடந்தது. நம் பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தையும், முத்துக் குளிப்பையும், அரபு நாட்டுக் குதிரைகள் அங்கே வந்து இறங்கியதையும் எழுதி வைத்தவர் அவர். காயலை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கடலையும் பார்த்துவிட வேண்டும். அவ்வூர்த் தெருக்களை மீன் முள் போல அமைத்திருக்கிறார்களாம், மேற்கே நேராக விட்டு நல்ல காற்றை வாங்கி, கிழக்கே வளைத்து முரட்டுக் காற்றைத் தடுத்து. அதை நடந்து பார்க்க ஆசை."


அடுப்படி – ஃபேர்லேண்ட்ஸ்

ஐயா, படிச்சதும் கண்ணு கலங்கிருச்சு. தம்பி, அம்மாவோட வாந்திக்கு ஒன்னு பண்ணுங்க. ரயில்ல எர்ணாகுளம் போங்க, ஒரு பகல் பயணந்தான். கொச்சி காயல்ல ரெண்டு மணி நேரம் படகு எடுத்து சீனவலைப் பக்கம், கோட்டைக் கரை எல்லாம் சுத்துங்க. வாஸ்கோடகாமாவ 1524ல மொதல்ல பொதைச்ச தேவாலயமும் அங்கதான், ஐயாக்கும் பிடிக்கும். அம்மாவ நடுவுல வெளிக்காத்துல உக்கார வெச்சு தூரத்துல வானம் கடல தொடற எடத்தையே பாக்கச் சொல்லுங்க, கீழ கேபினுக்குள்ள அனுப்பவே அனுப்பாதீங்க. மாத்திரை டாக்டர்கிட்ட கேட்டு கெளம்பறதுக்கு முன்னாடியே போடணும், வாந்தி ஆரம்பிச்சப்பறம் போட்டு புண்ணியமில்ல.


கொலுசுப்பட்டறை – செவ்வாய்ப்பேட்டை

மூணு வாரம் கழிச்சு வர்றேன். கொச்சி போயிட்டு வந்துட்டோம். அம்மாக்கு ஒன்னுமே ஆகல! துறைமுக வாசல்கிட்ட கொஞ்சம் ஆடுச்சு, அப்பவும் கெட்டியா தூரத்தையே பாத்துட்டு உக்காந்துருந்தாங்க, எறங்கறப்ப இன்னும் ஒரு சுத்து போலாமான்னு கேட்டாங்க. மலை வளைவுல வர்றது வேற, இது வேறன்னு அவங்களே சொல்றாங்க.

செப்டம்பர் ரெண்டாவது வாரம், நாலு கேபின் கேட்டமரான், ஸ்கிப்பரோட, ஸ்ப்ளிட்ல எடுத்து ஸ்ப்ளிட்லயே விடறது. வழி: ப்ராச் தீவுல மில்னா, ஸ்டாரி கிராட்ல ரெண்டு ராத்திரி, கோர்ச்சுலாவுல ஒன்னு, காத்துக்காக ஒரு நாள் சும்மா, திரும்பி ஸ்ப்ளிட். அப்பறம் பஸ்ல ஸ்டோன், துப்ரோவ்னிக், லோக்ரும். ஒரே ஒரு சந்தேகம். படக எடுக்கறதே ஸ்ப்ளிட்லன்னா அப்பா தெக்குச் சுவரப் பாக்கறதுக்கு முன்னாடியே ஏர்போர்ட்லருந்து ஊருக்குள்ள ரோட்டு வழியா போயிருவாரே, அதுக்கு என்ன பண்றது?


சேர்வராயன்காபி – ஏற்காடு

ஏர்போர்ட் ட்ரோகிர் பக்கம்தான் இருக்கு, மொத ராத்திரி ட்ரோகிர்லயே தங்கிருங்க, அந்த ரடோவன் வாசலயும் பாத்த மாதிரி ஆச்சு. படகயும் ட்ரோகிர்ல இல்லன்னா காஷ்டெலால எடுக்க ஏஜென்ட்ட மாத்தச் சொல்லு, ரெண்டு எடத்துலயும் மரீனா இருக்கு, திருப்பி விடறதும் அங்கயே. அங்கருந்து ஸ்ப்ளிட் கொஞ்ச தூரம்தான். மொத நாள் காலைல ட்ரோகிர்ல காய்கறி வாங்கிட்டு மெதுவா கெளம்பி, ஸ்ப்ளிட் துறைமுகத்துக்குள்ள சாயங்காலம் நாலு நாலரைக்கு நொழையற மாதிரி ஸ்கிப்பர்கிட்ட சொல்லிரு. செப்டம்பர்ல அந்த நேரம் வெயில் மேக்காலருந்து அந்தச் சுவர் மேல சாய்ஞ்சு விழும். மேக்குக் கரைல மரீனா இருக்கு, அங்க கட்டுனா படகு மேல உக்காந்தே எதிர்த்தாப்புல அரண்மனை தெரியும். அப்பாவ முன்பக்கம் உக்கார வெச்சுரு, பசங்க ரெண்டு பேரயும் பக்கத்துல. நாங்க நொழைஞ்சது காலைல, பனி மூட்டமா இருந்துச்சு, சுவர் சரியா தெரியல. நீ போட்டோ எடுத்து இங்க போடு, பாக்கணும்.